பொன்னாங்காணிப் பெட்டியும் பிலோமினா மிஸ்ஸும்

பிலோமினா மிஸ் போய்விட்டார் என்று என் மனைவி ராணி போனில் சொன்னபோது, நான் வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பு வாசலில் செக்யூரிட்டி உடுப்போடு நின்றேன். அந்த நேரம் பார்த்து ஒருவர் காரை உள்ளே விடச் சொல்லி ஹோன் அடித்தார். கேட்டைத் திறப்பதற்குப் பதிலாகப் பூட்டிவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்ற மண்டை. ஒரு நேரத்தில் ஒரு விஷயம்தான் ஏறும்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் தோட்டத்துக்கு, வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டிய அந்தச் சந்துக்கு, மிஸ்தான் மருத்துவமாது. பிள்ளை வயிற்றில் தங்கிய நாளிலிருந்து அது பள்ளிக்கூடம் போகும்வரை வீடு தேடி வருவார். அவரிடம் ஏச்சு வாங்காத தகப்பன் அங்கே கிடையாது. "அந்தோனி, பிள்ளை பெறுறது ராணி. சாய்மனைக் கதிரையில படுத்திருக்கிறது நீயா?" என்று கேட்டவர் அவர். அன்றிலிருந்து அவர் குடை தெரிந்தாலே எழும்பிவிடுவேன்.

அப்போது நான் சந்தின் கோடியில் இருந்த யார்ட்டில் வேலை. பழைய கார்ப் பற்றரிகளை உடைத்து ஈயம் உருக்குவோம். ராணிக்கு இரண்டாவது பிள்ளை தங்கியிருந்தது. "இரத்தம் காணாது, கீரை குடு" என்றார் மிஸ். எனக்கு ஒரு மூளை வேலை செய்தது. யார்ட்டில் எறியும் கறுப்புப் பற்றரிப் பெட்டிகளைத் தூக்கிவந்து, ஒரு தண்ணீர் ஊற்றிக் கழுவி, மண் போட்டுப் பொன்னாங்காணி நட்டேன். அது செழித்தது பாருங்கள்! மிஸ் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரன்டா நீ" என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே சான்றிதழ் அதுதான். வீடு வீடாகப் போய், "அந்தோனி மாதிரி நடுங்கோ" என்றும் சொன்னார். வரிசை முழுக்கக் கறுப்புப் பெட்டி. வயிற்றுப் பிள்ளைக்காரிகள் எல்லாரும் கீரை தின்றார்கள்.

மகன் கெவின் எடை குறைந்து பிறந்தான். சந்தில் மற்றப் பிள்ளைகளும் அப்படித்தான். வயிற்று வலி, சோகை, பேச்சு பிந்தியது. கிளினிக் அட்டைகளில் எடைக்கோடு ஏறாமல் படுத்துக் கிடந்ததை மிஸ்தான் முதலில் கவனித்தார். கெவினைத் தானே பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இரத்தத்தில் ஈயம்.

அடுத்த நாள் காலையில் வந்தவர் குனிந்து பொன்னாங்காணியை வேரோடு பிடுங்கினார். பிறகு ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார்: "நான்தான் நடச் சொன்னனான். பெட்டி எங்கயிருந்து வந்தது எண்டு கேக்கேல்ல. பிழை என்ர." ராணி அழுதாள். "உங்கட பிழை என்ன மிஸ்? இந்த மனிசன்தானே தூக்கிக்கொண்டு வந்தது!" என்றாள். அதுவும் சரிதான். ஈயத்தூசி படிந்த வேலை உடுப்போடு பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சியதும் இந்த மனிசன்தான். ஆனால் ஈயத்தின் குணத்தை எனக்குத் தெரியாமல் வைத்திருந்தவன் எவன்? எங்களுக்குக் கையுறைகூடத் தராமல், சிமினிப் புகையைச் சந்துக்குள் விட்டவன் எவன்?

எல்லாப் பிள்ளைகளுக்கும் இரத்தம் சோதிக்கக் கேட்டு மிஸ் ஒரு சுகாதார அலுவலகத்துக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார். மேசைக்குப் பின்னாலிருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த ஆக்கள் கை கழுவுறதில்ல, அதுதான்" என்றார். மிஸ் கேட்டார்: "சேர், ரெண்டு மாசப் பிள்ளை எங்க போய்க் கை கழுவ?" மேசைக்காரர் அடுத்த கோப்பைத் திறந்தார். சோதனை இன்றுவரை இல்லை. மிஸ் ஓய்வு பெற்ற பிறகும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். யார்ட் புகைத்துக்கொண்டே இருக்கிறது. இன்று கெவினை வகுப்பில் சோம்பேறி என்கிறார்கள். நானும் ஒருநாள் அப்படிச் சொல்லி அடித்தேன். அந்தக் கை இன்னும் எரிகிறது.

செத்தவீட்டுக்குப் போகும் வழியில் பார்த்தேன். யார்ட் கேட்டில் மிஸ்ஸின் படத்தோடு கண்ணீர் அஞ்சலிப் பதாகை. "எங்கள் தாய்" என்று போட்டிருந்தது. புகையை நிறுத்தச் சொல்லி அந்தக் கேட்டுக்கு வெளியே மிஸ் எத்தனை நாள் வெயிலில் நின்றார் என்று சந்துக்கே தெரியும். நான் கயிற்றை அவிழ்த்தேன். உள்ளே நின்ற காவல்காரன் பதறினான்.

"மச்சான், முதலாளி ஏசுவார்!"

"ஏசட்டும். உயிரோட உள்ள விடாத மனுசியை, செத்தாப்பிறகு ஏன் கேட்டில கட்டுறாங்க?"

பதாகையை மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. சந்துக் குழாயடியில் உடுப்பு மாற்றிவிட்டுத்தான் எந்தப் பிள்ளையையும் தொடுவேன், இப்போது செக்யூரிட்டி வேலை என்றாலும். மற்றது கெவினின் கிளினிக் அட்டை. எடைக்கோட்டுக்குக் கீழே மிஸ்ஸின் எழுத்தில் இருக்கிறது: "பற்றரிப் பெட்டிக் கீரை. ஆலோசனை என்னுடையது." கீழே கையெழுத்து. திங்கட்கிழமை அந்த அட்டையை எடுத்துக்கொண்டு அதே அலுவலகத்துக்குப் போகிறேன். சந்துத் தாய்மாரே, உங்கள் அட்டைகளோடு நீங்களும் வாருங்கள். மிஸ் தன் பிழைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதற்குக் கீழே முதலாளியும் அந்த மேசைக்காரரும் போட இன்னும் நிறைய இடம் இருக்கிறது.