எங்கள் வீட்டுக் காற்றுக்கு ஒரு பெயர்

அறிவியலில் எப்போதும் நான்தான் முதல். அதனாலேயே இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

அன்று கடல்காற்று, நிலக்காற்று பாடம். "உங்க வீட்ல காத்துக்கு என்ன பேர் சொல்வீங்க?" என்று டீச்சர் கேட்டார். பெசன்ட் நகர் மீனவர் குப்பத்திலிருந்து வரும் செல்வி எழுந்தாள்.

"கரைலருந்து சூடா அடிச்சா கச்சான், டீச்சர். கடல்லருந்து வந்தா கொண்டல். வடக்கால வந்தா வாடை."

டீச்சர் மூன்றையும் போர்டில் எழுதி, அம்புக்குறி போட்டு, அவற்றை வைத்தே பாடம் நடத்தினார். எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் ஃப்ளாட்டில் காற்று என்றால் ஏ.சி.தான்.

"நாங்க மாடிக்காத்துன்னு சொல்வோம்" என்று புளுகினேன்.

"அது எந்தப் பக்கத்துலருந்து அடிக்கும்?" என்றாள் செல்வி. அவள் குரலில் கிண்டலே இல்லை.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"பரவால்ல, பாத்துக்கினு வந்து நாளைக்குச் சொல்லு. போர்டுல எடம் கீது" என்றாள் அவளே.

அன்று சாயங்காலம் முதல்முறையாகக் காற்றைப் பார்க்க மொட்டை மாடிக்குப் போனேன். கொடியில் காய்ந்த துணியெல்லாம் கடலுக்கு முதுகைக் காட்டிப் படபடத்தன. இத்தனை வருஷமாக எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்ததும் அவளுடைய கொண்டல்தான்.

அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.