அது எங்க வசனம்

எங்கள் சிங்கப்பூர் சபையில் பைபிள் சங்கீதத்தை வாசிப்பதில்லை, பாடுவோம். ஒரு வசனம் நான் பாடுவேன். அடுத்த வசனம் சபை பாடும். கடைசிவரை அப்படியே மாறி மாறிப் போகும். என் குரல் ஒன்றும் பெரிய குரல் இல்லை. ஆனால் நான் முடித்ததும் மொத்தக் கூட்டமும் பதில் கொடுக்குமே, அந்தத் தெம்புக்காகவே எனக்கு ஞாயிற்றுக்கிழமை விடியும்.

கொரோனா வந்தது, ஆலயத்தைப் பூட்டினார்கள். செங்காங்கில் என் வீட்டில், காயப்போட்ட துணிகளுக்குப் பக்கத்தில் கணினியை வைத்துக்கொண்டு பாடினேன். எல்லாரும் சேர்ந்து வாயைத் திறந்தால் ஜூமில் காட்டுக்கூச்சல்தான். அதனால் சபையை மியூட்டில் போட்டுவிட்டார்கள். என் வசனமும் நானே, சபையின் வசனமும் நானே. வெறுத்துப்போனது. பிறகு ஆலயம் திறந்தும், சபை பாடக் கூடாது என்று விதி.

ஒருவழியாக, மாஸ்க் போட்டுக்கொண்டு எல்லாரும் பாடலாம் என்று அறிவிப்பு வந்தது. அன்று மாலையே பாஸ்டர் போன் செய்தார்.

"அக்கா, கமிட்டியில பேசினோம். ரெண்டு வருஷமா சபை பாடல. பாதிப் பேருக்கு ராகமே மறந்திருக்கும். சங்கீதத்த வாசிச்சிட்டுப் போயிடலாம்னு சொல்றாங்க."

"நாங்க என்ன கேசட்டா, அழிஞ்சு போக?" என்று எகிறினேன்.

"சரிக்கா, இந்த ஞாயிறு பாடிப் பார்ப்போம். சபை பதில் குடுக்கலன்னா அடுத்த வாரத்துலேர்ந்து வாசிப்புதான் லா."

வாய் வீராப்பாகப் பேசிவிட்டது. ஞாயிறு காலை லிட்டில் இந்தியா ஸ்டேஷன் வரும்வரை ரயிலில் சங்கீதத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

ஆலயத்தில் என் முறை வந்தது. முதல் வசனத்தைப் பாடி முடித்தேன். மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. யார் பாடப்போகிறார், யார் சும்மா நிற்கிறார், ஒரு எழவும் தெரியவில்லை. சத்தமே இல்லை. பயத்தில், ரெண்டு வருஷப் பழக்கதோஷத்தில், அடுத்த வசனத்தையும் நானே ஆரம்பித்துவிட்டேன்.

"ஏம்மா, நிறுத்து!"

மூன்றாவது பெஞ்ச். மார்சிலிங்கிலிருந்து வருகிற ஆன்ட்டி. ஆராதனை நடுவில் அவர் இருமிக்கூட நான் கேட்டதில்லை.

"அது எங்க வசனம்! மூச்சு வாங்கக்கூட விட மாட்டியா? இத வேற வாயில கட்டிக்கிட்டு நிக்கிறோம்."

சபை சிரித்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆன்ட்டி சிரிக்கவில்லை. "ம், மொதல்லேர்ந்து பாடு" என்றார்.

பாடினேன். என் வசனம் முடிந்ததும் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். மொத்த ஆலயமும் மூச்சை இழுத்தது எனக்கே கேட்டது. அப்புறம் வந்தது பாருங்கள், அப்பப்பா! ஆண்கள் ஒரு சுருதி, பெண்கள் ஒரு சுருதி, பின்வரிசை அரை வசனம் பிந்தி. இருந்தால் என்ன? சுவரே அதிர்ந்தது. வசனத்துக்கு வசனம் என்னைத் தூக்கிச் சாப்பிட்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்று கத்த வேண்டும் போலிருந்தது.

ஆராதனை முடிந்து பாஸ்டர் வாசலில் என்னைப் பிடித்தார். பாடிப் பாடி அவருக்கே தொண்டை கட்டியிருந்தது.

"அடுத்த வாரம் எந்தச் சங்கீதம்க்கா?"

"இருக்கிறதுலயே நீளமானது" என்றேன்.