மாமா ரொறொன்ரோ பார்த்தது

தொண்ணூறுகளின் நடுவில், யாழ்ப்பாணத்திலிருந்து விசிற் விசாவில் வந்த ஒரு மாமா, ஸ்காபரோவில் என் அப்பார்ட்மென்ற்றில் ஒரு மாதம் நின்றார். அம்மாவுக்குத் தம்பி முறை. மெலிந்த, நெடிய மனிதர். வேட்டிக்கு மேல் என்னுடைய ஜக்கெற் போட்டுக்கொண்டு வருவார்.

ரொறொன்ரோவின் உயரமான கோபுரத்தைக் காட்டினேன். "உயரந்தான்" என்றார். நயாகராவைக் காட்டினேன். "நல்ல தண்ணி" என்றார். பிறகு, "மல்வேர்னிலை எங்கடை ஊர் ஓவசியற்றை மகள் இருக்கிறாளெல்லே, அங்கை போவம்" என்றார்.

அப்படி ஒன்பது வீடு ஏறி இறங்கினோம். ஒவ்வொரு வீட்டிலும் சேட்டின் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, ஊரில் செத்துப்போன அவர்களுடைய தாயின் அல்லது தகப்பனின் செத்தவீட்டுக்கு யார் யார் வந்தது, யார் கொள்ளி வைத்தது என்று நிதானமாகச் சொல்லுவார். முடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் எழும்பிப் போய்விடுவார். கூட்டிப்போன எனக்குத்தான் வெட்கம்.

காரில் கேட்டேன். "மாமா, வெளிக்கிடேக்கை 'போயிட்டு வாறன்' எண்டு சொன்னால் என்ன?"

"செத்தவீட்டிலை அப்பிடிச் சொல்லுறேல்லை, தம்பி."

"அது நடந்து மூண்டு வருஷம், மாமா."

"அங்கை மூண்டு வருஷம். இஞ்சை இண்டைக்குத்தான்."

நான் ஹீற்றரைக் கூட்டினேன்.

அவர் திரும்பிப்போகும் நாள் காலை, பெட்டி கதவடியில் இருந்தது. என் சோபாவில் வந்து உட்கார்ந்து, கழுத்துப் பொத்தானைப் பூட்டினார்.

"அக்கான்ரை செத்தவீட்டண்டு மழை" என்று தொடங்கினார். "எண்டாலும் சனம் குறையேல்லை."

என் அம்மாவைக் கொண்டுபோன வழி முழுவதையும் சொன்னார். கொள்ளி வைத்தது அவர்தானாம். பிறகு எழும்பி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் லிப்ற்றடிக்கு நடந்தார்.

எயார்போர்ட்டில் விடவேண்டியவன் நான்தான். கார்ச் சாவியும் என் கையில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் எழும்பினேன்.