ஐந்து நாளில் முடிந்த ஆபரேஷன்

என் இடது விலாவின் பின்புறம் தொடங்கி வயிறு வரைக்கும் ஒரு நீளத் தழும்பு உண்டு. வலது பக்கம் முதுகில் ஒரு சின்ன வடு. சுண்டுவிரல் நுனியால் மூடிவிடலாம். இரண்டுமே சிறுநீரகக் கல் எடுத்த இடங்கள். முதலாவது எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தது, இரண்டாவது எண்பதுகளின் பிற்பாதியில். பெரிய தழும்பைத் தடவினால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். சின்னதில் கை பட்டால் இன்றைக்கும் என் மேல்தான் கோபம் வருகிறது.

முதல் ஆபரேஷனின்போது மதுரையில் இருபத்தாறு நாள் படுத்துக் கிடந்தேன். இருமினால் தையல் பிரிந்துவிடுமோ என்று பயம். இருமல் வரும்போதெல்லாம் என் அண்ணன் தலையணையை விலாவோடு அழுத்திப் பிடித்துக்கொள்வார். அந்த இருபத்தாறு நாளும் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து அவர்தான் படுத்திருந்தார். எங்கள் அனுமந்தன்பட்டியிலிருந்து பாதி ஊர் சாத்துக்குடியும் ரொட்டியுமாக வந்து பார்த்தது. வந்தவர்கள் போர்வையை விலக்கித் தையலைப் பார்த்துவிட்டு, "எம்புட்டு நீளம்" என்று சொல்லாமல் போனதில்லை. எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அடுத்த சில வருஷங்களில் அண்ணனும் நானும் முறைத்துக்கொண்டோம். இருவருக்கும் பொதுவான கிணறு ஒன்று. ஒரு நாள் அவர் திராட்சைக் கொடிக்கு, மறுநாள் என் வாழைக்கு என்று தண்ணீர் முறை வைத்திருந்தோம். ஒரு கோடையில் என் முறையன்று அவர் மோட்டாரைப் போட்டுவிட்டார். கொடி காய்கிறது, ஒரு நாள்தானே, தம்பிதானே என்று நினைத்திருப்பார். மாலையில் சமாதானம் பேச என் வீட்டுக்கு வந்தவரை நான் தெருவிலேயே நிறுத்தினேன். "இனிமே என் வாசல்ல காலை வச்சிராதீக" என்றேன். நாலு பேர் கேட்கத்தான் சொன்னேன். எனக்குக் கோபம் வந்தால் நாலு பேர் இருந்தாக வேண்டும்.

அவர் திரும்பிப் போனார். நான் என் பங்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு உத்தமபாளையம் வந்து, கோர்ட்டுக்கு எதிரே டைப்ரைட்டர் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு வருஷத்தில் என் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. அன்றைக்கு அண்ணன் சுடுகாட்டுக்கு வந்தார். என் பக்கத்தில் நின்றார். வீட்டுக்கு மட்டும் வரவில்லை. சொன்ன சொல்லை அவர் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

டைப் அடிக்கிறவனுக்குத் தண்ணீர் குடிக்க ஞாபகம் இருக்காது. வலது பக்கம் வலி வந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் கல் என்று வாயைத் திறந்தாலே போதும், வாழைத்தண்டு வீடு தேடி வரும். ஆறு மாதம் சாறு குடித்தேன். வலி நின்றது. கல் கரைந்துவிட்டது என்று கோர்ட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நானே வைத்தியம் சொல்லத் தொடங்கினேன். அப்புறம் ஒரு நாள் குளிர்ஜுரம் வந்து விழுந்தேன். மதுரையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் கல் கரையவே இல்லை. சத்தம் போடாமல் உள்ளேயே கிளை விட்டு வளர்ந்து, சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மான் கொம்பு அப்படியே தெரிந்தது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். புது முறையை வெளியூரில் படித்துவிட்டு வந்திருந்தார். "முன்ன மாதிரி விலாவைக் கிழிக்க வேண்டியதில்லை. முதுகுல ஒரு சின்னத் துளை. குழாயை உள்ள விட்டு, கல்லை உடைச்சு உடைச்சு எடுத்துருவோம். எல்லாம் சரியாப் போனா அஞ்சாம் நாள் வீட்டுக்குப் போகலாம்" என்றார். வேறு யாராவது இருந்திருந்தால் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். எனக்கு முகம் விழுந்துவிட்டது.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் கல்யாணத்துக்குத்தான் பத்திரிகை வைத்து அழைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவனைப் பார்க்க அழைப்புத் தேவையில்லை, காதில் விழுந்தால் போதும். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட வரலாம். ஆஸ்பத்திரி யாருடைய வாசலும் இல்லை. எத்தனையோ குடும்பப் பகை கட்டில் ஓரத்தில் முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன். எக்ஸ்ரே எடுத்த அன்றே எனக்கு அந்த ஆசை வந்துவிட்டது. வலியைக்கூட இரண்டாவதாகத்தான் நினைத்தேன். அண்ணன் வருவார், கட்டிலுக்குக் கீழே பாய் விரிப்பார். ஆனால் முதுகில் ஒரு துளை போட்டு ஐந்து நாளில் அனுப்பிவிடுகிற ஆபரேஷனுக்கு யார் பஸ் ஏறி வருவார்கள்?

அந்த வாரம் அனுமந்தன்பட்டிக்காரர் ஒருவர் மனு அடிக்க வந்தார். அண்ணன் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டக்காரர். மனுவை அடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"இந்தத் தடவை பெருசுங்க. முதுகைத் தொறந்துதான் எடுக்கணுமாம். ஒரு மாசம் அங்கனயே படுக்கணும்னு சொல்லியிருக்காக."

"ஒரு மாசமா?"

"கூடவும் ஆகலாம்" என்றேன். அவர் எழுந்து போகும்போது இன்னொரு தரமும் சொன்னேன். எந்த ஆஸ்பத்திரி, எத்தனையாவது மாடி என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

தனியாகத்தான் மதுரைக்குப் போனேன். "கூட யாரு வந்திருக்கா?" என்று நர்ஸம்மா கேட்டார். "அண்ணன் வர்றாங்க" என்றேன். ஆபரேஷன் அன்று காலையிலும் அதையே சொன்னேன். எதிர்க் கட்டிலில் இருந்தவருக்குத் துணைக்கு வந்த மைத்துனர்தான் எனக்கும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டுக் குப்புறப் படுக்க வைத்தார்கள். நினைவு தப்பவில்லை. முதுகில் எதையோ வைத்து அழுத்துவது மட்டும் தெரிந்தது. அப்புறம் அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். அது நின்றதும் கல் துண்டு ஒன்று தட்டில் விழுகிற சத்தம். மறுபடி அரைப்பு, மறுபடி தட்டு. என் முகத்துக்கு நேரே பச்சைத் துணி தவிர எதுவும் இல்லை. இத்தனை பேர் என் முதுகைச் சுற்றி நிற்கிறார்கள், என் முகத்தைப் பார்க்க ஒருத்தர் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக் கை வரவில்லை.

முழுக் கல்லும் வந்துவிட்டது. முதுகில் ஒரு ரப்பர் குழாய், அதன் நுனியில் ஒரு பை. முதல் நாள் சிவப்பாக வடிந்தது மூன்றாம் நாள் தெளிந்துவிட்டது. குழாயை உருவிப் பஞ்சு வைத்து ஒட்டினார்கள். இருமிப் பார்த்தேன். தலையணையைப் பிடிக்க ஆள் தேவைப்படவில்லை. இன்னும் இரண்டு நாள் இருக்கட்டுமா என்று டாக்டரிடம் கேட்டேன். "எதுக்கு? நல்லாத்தான் இருக்கீங்க, கட்டில் வேணும்" என்று சிரித்தார். ஐந்தாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு நானே பஸ் ஏறினேன்.

உத்தமபாளையத்தில் என் வீடு பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டாவது தெரு. கதவைத் திறந்து வைத்து, நாற்காலியை வாசலைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தேன். பதினைந்து நாள் அப்படி உட்கார்ந்திருந்தேன். கோர்ட் குமாஸ்தா ஒருவர் வந்தார். "ஓட்டை போட்டுத்தான எடுத்தாக, அதுக்கா லீவு?" என்று கேட்டுவிட்டு அவருடைய காகிதத்தை அடிக்கக் கொடுத்துவிட்டுப் போனார். சட்டையைத் தூக்கிக் காட்டலாம் என்றால் காட்டுவதற்கும் ஒன்றும் இல்லை. அண்ணன் வரவில்லை. இந்த மனுஷனுக்கு நெஞ்சு கல் என்று முடிவு கட்டினேன். கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போனேன்.

அடுத்த வருஷம் அண்ணன் கொடிப் பந்தலுக்கு அடியிலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. சாவுக்கும் அழைப்புத் தேவையில்லை. சேதி காதில் விழுந்ததும் போனேன். மூன்றாம் நாள் எல்லோரும் கலைந்த பிறகு மதினி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"தம்பி, உங்களைப் பாக்க மதுரைக்கு வந்தாகளே, தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"ஒரு மாசம் படுப்பீகன்னு சேதி வந்துச்சு. இங்கன பழம் வெட்டுற நேரம். வெட்டு முடியட்டும், பெறகு போயி மிச்ச நாளெல்லாம் கூடவே இருந்துக்கிடுறேன்னாக. பதினோராம் நாள் ரெண்டு வேட்டி, பாயி, ஒரு கூடை பழம் எல்லாம் எடுத்துக்கிட்டுப் போனாக. அங்கன உங்க கட்டில்ல வேற ஆளு. நர்ஸம்மா, நீங்கதான் அந்த அண்ணனா, வர்றாரு வர்றாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரேன்னு கேட்டுச்சாம்."

மதினி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பழத்தை அங்கனயே குடுத்துட்டு சாயங்காலம் பஸ் ஏறியிருக்காக. உத்தமபாளையத்துல பஸ் பத்து நிமிசம் நின்னுச்சாம். பாயை மடியில வச்சுக்கிட்டு இறங்கவா வேணாமான்னு உக்காந்திருந்தாகளாம். வாசல்ல காலை வைக்காதன்னு சொன்னவன்தான வந்து கூப்புடணும்னு சொன்னாக. ராத்திரி சாப்பிடலை."

பதினோராம் நாள் சாயங்காலம். நாற்காலியில்தான் இருந்தேன். மதுரை பஸ்ஸின் ஹாரன் சத்தம் என் வீட்டுக்குக் கேட்கும்.

"கதவைத் திறந்துதான் வச்சிருந்தேன், மதினி" என்றேன்.

"அது பஸ்ஸுல இருந்தவுகளுக்கு எப்படித் தம்பி தெரியும்?" என்றார் மதினி.