கடைசிப் பொத்தான்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. திருநெல்வேலி பேட்டையில், என் வீட்டுக்காரரின் லேத் பட்டறையை ஒட்டி ஒரு சின்ன அறையில் நான் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். முறையாகப் படித்ததில்லை. பிரித்துப் பார்த்து, கெடுத்து, மறுபடி சேர்த்துப் பழகியதுதான்.

காயல்பட்டினத்தில் எனக்கு ஒரு வாடிக்கையாளர். ஐம்பது வயதிருக்கும். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிடுவேன். துபாயில் வேலை பார்த்தபோது ஒரு விபத்தில் அவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. ஊருக்குத் திரும்பி வந்து பிரெயில் கற்றுக்கொண்டார். இப்போது பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பாடப் புத்தகங்களும் பரீட்சைக் கேள்வித்தாள்களும் பிழை திருத்திக் கொடுக்கிறார். அந்த வேலைதான் அவர் வீட்டில் அடுப்பெரிய வைக்கிறது.

அவர் கம்ப்யூட்டருக்கு முன்னால் நீளமாக ஒரு கருவி இருக்கும். திரையில் வருகிற எழுத்தெல்லாம் அதில் புள்ளிகளாக மேலே எழும்பும். அவர் விரலால் தடவிப் படிப்பார். ஒவ்வொரு எழுத்துக்கும் மேலே ஒரு குட்டிப் பொத்தான். எந்த எழுத்து பிழையோ அதன் பொத்தானை அமுக்கினால் கர்சர் அங்கே வந்து நிற்கும், திருத்திவிடலாம். படித்துக் காட்டுகிற குரல் மென்பொருள்தான் இருக்கிறதே என்று கேட்பீர்கள். பிழையையும் அது நல்லபடியாக வாசித்துவிட்டுப் போய்விடும். கருவியோ மிகப் பழசு. அதைச் செய்த கம்பெனியே இன்றைக்கு இல்லை. புதிது வாங்குவது அவரால் ஆகிற காரியமில்லை.

ஒருநாள் காலையில் போன் செய்தார். ஏதோ பாதுகாப்புக் குறைபாடாம், கம்ப்யூட்டரைப் புதுப்பித்தால்தான் இனிமேல் கேள்வித்தாள் அனுப்புவோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்களாம். இதென்ன பெரிய வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

அவருக்கு நான் போட்டுக் கொடுத்திருந்தது லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம். அதன் அடியில் கர்னல் என்று ஒன்று உண்டு. நாம் எந்தக் கருவியைச் செருகினாலும், அது சொல்வதை முதலில் வாங்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது அந்தக் கர்னல்தான். பள்ளி சொன்ன அந்தப் பாதுகாப்பு ஓட்டை இருந்தது, காக்காவின் பிரெயில் கருவியோடு பேசுகிற பகுதியிலேயே. கருவி எவ்வளவு நீளத்துக்குத் தகவல் அனுப்பினாலும் அளந்து பார்க்காமல் அப்படியே வாங்கிக்கொள்கிறது. அந்தக் கருவி மாதிரி நடிக்கிற போலி ஒன்றைச் செருகி, அளவுக்கு மிஞ்சித் தகவலைக் கொட்டினால், அது வழிந்து கர்னலின் மற்ற இடங்களில் போய் விழும். செருகியவன் கைக்கு முழுக் கம்ப்யூட்டரும் போய்விடும். பள்ளிக்கூடத்திலிருந்து கேள்வித்தாள் பென் டிரைவில்தான் வரும். நடுவில் யாராவது அதே தோற்றத்தில் இந்தப் போலியை மாற்றி வைத்தால் முடிந்தது. பள்ளி பயந்ததில் தப்பே இல்லை.

இதற்கு என்ன வைத்தியம் என்று தேடினேன். அந்தப் பகுதியைக் கவனித்துக்கொள்கிறவர் இணையத்தில் எழுதியிருந்தார். இந்தக் கருவியை இப்போது யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை, சோதித்துப் பார்க்க என்னிடமும் ஒன்று இல்லை, அதனால் அடுத்த பதிப்பில் இந்தப் பகுதியையே நீக்கிவிடுகிறேன், யாருக்காவது மறுப்பு இருந்தால் சொல்லவும் என்று.

அதாவது, பழைய கர்னலோடு இருந்தால் காக்காவுக்கு வேலை வராது. புதியதைப் போட்டால் கருவி ஓடாது.

போனில் விஷயத்தைச் சொன்னேன். "அப்போ ஓட்டையை அடைக்கிறதுக்கு என் கையை எடுத்துப்புடறாங்கன்னு சொல்லு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்புத்தான் என்னை அன்றைக்கு வேறு வேலை பார்க்க விடவில்லை.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அந்தப் பகுதியைக் கவனிக்கிற மனிதருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். இந்தக் கருவியை ஒருவர் பயன்படுத்துகிறார், அவர் பிழைப்பே அதில்தான், தயவுசெய்து நீக்காதீர்கள். இவ்வளவுதான். யார் இதைப் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். சாயங்காலமே பதில் வந்துவிட்டது. ஐரோப்பாவில் ஏதோ ஒரு குளிர்ப் பிரதேசத்துக்காரர். சம்பளமில்லாமல், சொந்த நேரத்தில் இதைப் பார்க்கிறார். ஒருவர் இருந்தாலும் போதும், நீக்க மாட்டேன், சரிசெய்கிறேன் என்றிருந்தார். ஆனால் சோதித்துப் பார்க்க எனக்கு வழியில்லை, உங்கள் நண்பரின் விரல்தான் எனக்குச் சோதனைச்சாலை என்றும் ஒரு வரி.

சொன்னபடியே திருத்தத்தை அனுப்பினார். கர்னலை என் கடையிலேயே தயார் செய்து, எடுத்துக்கொண்டு திருச்செந்தூர் பாசஞ்சரில் ஏறினேன். ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழையெல்லாம் மழையில் குளித்து நின்றது. எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. ஓடுமா ஓடாதா என்ற ஒரே நினைப்பு.

ஓடியது. கம்ப்யூட்டர் எழும்பியதும் புள்ளிகள் மடமடவென்று மேலே வந்தன. காக்கா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக விரலை ஓட்டினார். பொத்தான்களை அமுக்கிப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ். எல்லாம் நல்லா இருக்கு தங்கச்சி. அந்த மனுசருக்கு எழுதிப் போட்டுரு" என்றார். நானும் அங்கே உட்கார்ந்தபடியே போனில் தட்டி அனுப்பிவிட்டேன்: எல்லாம் நன்றாக இருக்கிறது, மிக்க நன்றி.

காக்காவின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். குடித்துக்கொண்டே அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரியின் கடைசிக்கு வரும்போதெல்லாம் அவர் கை தயங்கியது. ஏதோ ஒரு பொத்தானை அமுக்குவார், ஒன்றும் நடக்காது, வரியைக் கொஞ்சம் நகர்த்தி வேறொரு பொத்தானை அமுக்குவார். அடுத்த வரியிலும் அதே கதை.

"என்ன காக்கா, கடைசியில ஏதும் மக்கர் பண்ணுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. தேத்தண்ணி ஆறுது, குடி."

அவர் மனைவி விடவில்லை. "என்ன ஒண்ணுமில்லை? அந்தக் கடைசிப் பொத்தானை எத்தனை தடவை அமுக்கிட்டாஹ, நானும் பார்த்துக்கிட்டுத்தானே நிக்கிறேன். உள்ளதைச் சொன்னா வாயில இருக்கிற முத்தா கொட்டிப் போயிரும்?"

காக்கா கையைக் கருவியிலிருந்து எடுத்துவிட்டார். "முகம் தெரியாத மனுசர். பைசா வாங்காம நமக்காக உட்கார்ந்து செஞ்சு தந்திருக்காரு. அதைப் போயி இது நொட்டை, அது நொள்ளைன்னு சொல்ல முடியுமா? ஒரு பொத்தான்தானே, நான் சமாளிச்சுக்கிறேன். இவ்வளவு கிடைச்சதே பெரிய பரக்கத்து."

நானாக இருந்தாலும் அதைத்தானே செய்திருப்பேன். கல்யாண வீட்டுச் சாம்பாரில் உப்பில்லை என்று பந்தியில் உட்கார்ந்து சொல்கிற ஊரா நம் ஊர்? அதோடு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று என் கையாலேயே எழுதி அனுப்பியாகிவிட்டது. இப்போது போய் இல்லை என்றால் அந்த மனிதர் என்ன நினைப்பார்? சலித்துப்போய், நீக்கியே விடுகிறேன் என்று சொல்லிவிட்டால்?

வெளியே வந்து என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். பின்னால் லேத் ஓடுகிற சத்தம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏளா, அந்த ஆளு உனக்குச் சம்பந்தியா, மூஞ்சியைச் சுளிப்பாருன்னு பயப்படுததுக்கு?" என்றார். "நான் செஞ்ச சாமான்ல ஒரு நூல் அளவு கூடிப்போச்சுன்னா கூடிப்போச்சுன்னு சொல்லு, திருப்பிக் கடைஞ்சு தாரேன். நல்லாருக்கு அண்ணாச்சின்னு கும்பிட்டு வாங்கிட்டுப் போயி, அங்கன மாட்டும்போது பொருந்தலைன்னு வேற பட்டறைக்குப் போறான் பாரு, அவனாலதாம்ளா நான் சீரழியுதேன். எழுதிப் போடு."

உள்ளே போய்க் காக்காவிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "மனுசரை வருத்தப்படுத்தாத மாதிரி எழுது" என்றார்.

எழுதினேன். முதலில் மன்னிப்பு, நடுவில் பொத்தான், முடிவில் மறுபடி மன்னிப்பு.

மதியம் லுஹர் தொழுகை முடிந்து காக்கா வந்து உட்கார்ந்த நேரத்தில் பதில் வந்தது. அதைத் தமிழில் மாற்றி மாற்றி அவருக்கு வாசித்துக் காட்டினேன். கருவியில் உண்மையில் இருப்பதைவிட ஓர் எழுத்துக்கான இடம் குறைவாக அந்த மனிதர் கணக்குப் போட்டிருக்கிறார். அதனால்தான் கடைசிப் பொத்தானிலிருந்து வருவதைக் கர்னல் அளவு மீறியதாக நினைத்துத் தள்ளிவிட்டது. அதோடு போகவில்லை. அதே தப்புக் கணக்கை நம்பி, இன்னொரு இடத்தில் தகவல் வந்து தங்குவதற்கான இடத்தையும் ஒன்று குறைத்து வைத்திருந்தார். அங்கே இன்னமும் வழியும். ஓட்டை சிறுத்திருந்தது, அடைபடவில்லை. உங்கள் முதல் கடிதத்தை நம்பி இன்று மாலை இதை எல்லோருக்கும் அனுப்ப இருந்தேன், சரிசெய்யப்பட்டது என்ற பெயரோடு ஓர் ஓட்டை ஊரெல்லாம் போயிருக்கும், உங்கள் நண்பர் என்னைக் காப்பாற்றினார் என்று எழுதியிருந்தார். பிடிக்காதது இன்னும் எது இருந்தாலும் தயவுசெய்து சொல்லச் சொல்லுங்கள் என்பது கடைசி வரி.

வாசித்து முடித்துக் காக்காவைப் பார்த்தேன். அவர் விரல் அந்தக் கடைசிப் பொத்தான் மேலேயே இருந்தது. "நம்ம பிள்ளைங்களோட கேள்வித்தாளுல்ல இதுல வருது" என்றார் மெதுவாக. "நான் வாயைக் கட்டிக்கிட்டு இருந்திருப்பேனே தங்கச்சி."

அவர் மனைவி ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போய்ச் சூடாக வேறு கொண்டுவந்தார்.

புதிய திருத்தம் வந்து, நான் மறுபடி காயலுக்குப் போனபோது காக்கா வேறு ஆளாக இருந்தார். ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிக் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார். இது லேட்டாக வருகிறது, அது இரண்டு தடவை வருகிறது. எல்லாவற்றையும் எழுதி அனுப்பினோம். ஒரு பொத்தான் இறுக்கமாக இருக்கிறது, அதையும் எழுது என்றார். "அது கர்னல் இல்ல காக்கா, உங்க ஊரு உப்புக்காத்து" என்றேன். "அப்போ அதை நீ பாரு" என்றார். பிரித்துத் துடைத்துக் கொடுத்தேன்.

அந்தப் பகுதி நீக்கப்படவில்லை. இன்றைக்கும் கர்னலில் இருக்கிறது, ஓட்டை அடைபட்டு. காக்காவுக்குக் கேள்வித்தாள் வந்துகொண்டிருக்கிறது. எங்களுக்காக உட்கார்ந்த அந்த மனிதரை நாங்கள் இருவரும் பார்த்ததில்லை, இனியும் பார்க்கப் போவதில்லை.

உதவி செய்தவரிடம் குறை சொல்வது நன்றிகெட்ட வேலை என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். காக்காவையும் அப்படித்தான் வளர்த்திருப்பார்கள், அதில் ஒரு அழகு இருக்கிறது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இப்போதெல்லாம் யாராவது என் வேலையை வாங்கிக்கொண்டு, "நல்லா இருக்கு" என்று சட்டென்று சொன்னால், நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறேன். அந்தக் கை எங்காவது தயங்கினால், அவர் மனது கோணாமல் அந்த உண்மையை வாங்கிக்கொள்ள வேண்டியது என் பொறுப்பு என்று படுகிறது.