மோந்து பார்த்துக் குடிக்கிறவர்கள்

கையில் கொடுக்கிற கிளாஸை வாயில் வைக்கும் முன்னே மூக்கில் வைக்கிற ஜனங்களுக்கு நடுவே மாக்டெயில் கவுன்ட்டர் போடுவதுதான் என் தொழில். பழச்சாறு, புதினா, எலுமிச்சை, சோடா, கலருக்குக் கொஞ்சம் சிரப், மேலே ஒரு காகிதக் குடை. அவ்வளவுதான். சரக்கு ஒரு சொட்டுகூடக் கிடையாது. ஆனாலும் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மூணு பக்கமும் நான் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிற வசனம், "இதுல ஒண்ணும் இல்லீங்க." மண்டபத்தில் கேமரா தூக்குகிறவர்களே, மெஹந்தி போடுகிறவர்களே, பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடுகிறவர்களே, உங்களுக்குத்தான் என் வயித்தெரிச்சல் புரியும்.

எங்க வீட்டுக்காரருக்கு ஆவடி ஃபேக்டரியில் வேலை. குடியிருப்பது குவார்ட்டர்ஸில். அங்கே ஒரு பொம்பளைக்கு 'சரக்கு கலக்குறவ' என்று ஒரு தடவை பேர் விழுந்துவிட்டால் போதும், அப்புறம் குழந்தைக்குக் காது குத்துறதுக்குக்கூட எவரும் கூப்பிட மாட்டார்கள். எனக்கிருந்த ஒரே பயம் அதுதான். பயம் ஒரு பக்கம், வேடிக்கை ஒரு பக்கம். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று, இன்றைக்கு யார் எப்படிச் சோதித்துப் பார்க்கப் போகிறார்கள் என்று கவனிப்பதில் எனக்கு அலாதி ஆசை.

நீலக் கலர் பாட்டில்

முதல் ஆர்டர் குவார்ட்டர்ஸிலேயே, ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள். ஆசை ஆசையாக நீலக் கலர் சிரப் வாங்கி வைத்திருந்தேன். அந்தப் பாட்டிலைப் பார்த்திருக்கிறீர்களா? நீட்டுக் கழுத்து, மினுமினுக்கிற லேபிள், பார்த்தவுடனே ஏர்போர்ட்டிலிருந்து வந்த மாதிரி இருக்கும். பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்றுகொண்டார்கள். ஆண்கள் பத்தடி கிட்டே வந்தார்கள்.

வீட்டுக்காரர் என் காதில், "அந்தப் பாட்டிலை உள்ள வைடி, மானம் போகுது" என்றார். சரியென்று சிரப்பை ஒரு ஊறுகாய் பாட்டிலில் ஊற்றி வைத்தேன். உடனே ஒருத்தரும் வரவில்லை; சீண்டுவாரில்லை! மறுபடி நீட்டுக் கழுத்துப் பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தேன், கூட்டம் வந்தது. சரக்காகவும் இருக்கக் கூடாது, சரக்கு மாதிரியும் இருக்க வேண்டும். இது என்ன நியாயம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், ஒரு ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏம்மா, இது நம்ம கேன்டீன்ல வாங்கினதா? நான் போனா மட்டும் இந்த பிராண்டைக் கண்ணுலயே காட்ட மாட்டேங்கிறானுங்களே!"

மேனேஜரிடம் நாலு வார்த்தை

அம்பத்தூரில் ஒரு ஐ.டி. கம்பெனிப் பையன்கள், டீம் பார்ட்டி என்று அபார்ட்மென்ட் மொட்டைமாடிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கொய்யாச் சாறு, கிளாஸ் விளிம்பில் உப்பு மிளகாய்த்தூள். அதில் கண்ணாடி போட்ட ஒரு பையன், பரம சாது, ஓரமாக நின்று மூணு கிளாஸ் குடித்தான். நான் வழக்கமான வசனத்தைச் சொல்லத்தான் செய்தேன். பாட்டுச் சத்தத்தில் அவன் காதில் விழவில்லை போலிருக்கிறது.

மூணாவது கிளாஸ் முடிந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நேராக மேனேஜரிடம் போனான். லீவு கொடுக்காதது, ஞாயிற்றுக்கிழமை கால் பண்ணுவது, இவன் செய்த வேலையை அவர் தன் பேரில் காட்டிக்கொண்டது, எல்லாவற்றையும் போட்டு உடைத்தான். மேனேஜர் கிளாஸை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார். பையன் தள்ளாடிக்கொண்டே என்னிடம் வந்து, "அக்கா, ரொம்ப ஸ்ட்ராங்" என்றான். நிஜமாகவே தள்ளாடினான்! "தம்பி, அது கொய்யாப்பழம்ப்பா" என்றேன். அவன் முகம் போன போக்கை என்னவென்று சொல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டான்: "அப்போ நான் பேசினது எல்லாம் நிதானத்துலயா பேசினேன்?"

சாமி குடிச்சா சரி

நசரத்பேட்டையில் ஒரு கிரகப்பிரவேசம். பெரிய குடும்பம், கட்டுப்பாடான குடும்பம். தர்பூசணியும் புதினாவும் ஊற்றி வைத்த கிளாஸ்கள் அப்படியே வேர்த்துக்கொண்டு நிற்கின்றன, ஒருத்தரும் தொடவில்லை. என்னடா இது என்று பார்த்தால், மாலை போட்டிருந்த ஐயப்ப சாமி ஒருவரைப் பெண்கள் எல்லாம் சேர்ந்து முன்னே தள்ளிவிடுகிறார்கள். அவர் குடித்தால் எல்லோரும் குடிக்கலாமாம். எப்பேர்ப்பட்ட டெஸ்ட்டிங்! சாமி கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மோந்தார். "ஐஸ் எந்தத் தண்ணிம்மா?" என்றார். "கேன் தண்ணி, சாமி." கண்ணை மூடி சரணம் சொல்லிவிட்டு ஒரே மடக்கு. அப்புறம் கவுன்ட்டரை விட்டு அவர் நகரவே இல்லை. ஒவ்வொரு கிளாஸுக்கும் கேட்காமலே ஒரு காரணம் சொன்னார்: "பின்னாடி வர்றவங்களுக்காகப் பார்க்கிறேன்மா, ஒவ்வொரு கிளாஸும் ஒரே மாதிரிதான் இருக்குதான்னு."

பதினேழாம் வாய்ப்பாடு

சிரித்தது போதும். நான் பயந்தே போன கதை இது.

கோவில்பதாகையில் ஒரு நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பா செல்வராஜ் சார், எங்க வீட்டுக்காரரோடு ஒரே ஷிஃப்ட். பெண் பவித்ரா அம்பத்தூரில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. குடியாலேயே போய்ச் சேர்ந்தவர். அதனால் மாப்பிள்ளையின் அம்மா நகை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை, ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "விசேஷத்துல ஒரு சொட்டு இருக்கக் கூடாது. இருந்தா நாங்க அப்படியே எழுந்து போயிடுவோம்." செல்வராஜ் சார் இதை என்னிடம் நாலு தரம் சொல்லி, பாட்டிலின் மூடியைத் திறந்து தானே மோந்தும் பார்த்தார்.

மாப்பிள்ளையின் தாய்மாமன், அதாவது அந்த அம்மாவின் அண்ணன், கடைசியாக வேனிலிருந்து இறங்கினார். வந்தவர் என் கவுன்ட்டரில் ரெண்டு கிளாஸ் நீலக் கலர் வாங்கிக் குடித்தார். கிட்டே வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. என் புதினாவுக்கு அந்த வாசனை கிடையாது. என் சாமான்களை ஆட்டோவில் ஏற்றி இறக்குகிற டில்லி அண்ணன் உள்ளூர்க்காரர். அவரும் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இன்னாம்மா, இந்த ஆளு வரும்போதே ஃபுல்லா கீறாரே!" என்றார்.

தட்டு மாற்றத் தாய்மாமனைக் கூப்பிட்டார்கள். நாலடி நடந்தவர், நாற்காலி வரிசையில் மோதி, பழத்தட்டோடு விழுந்தார். ஆப்பிள் நாலு பக்கமும் உருண்டது. தூக்கி நிறுத்தினால், கையை நீட்டி என்னைக் காட்டுகிறார்: "அந்தப் பொண்ணு குடுத்த ஜூஸ்தான். அதுல என்னமோ கீது!"

மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. செல்வராஜ் சார் கைகூப்பிக்கொண்டு நிற்கிறார். உண்மையைச் சொன்னால் தாய்மாமனுக்கு சபையில் அவமானம், அந்தப் பக்கத்து ஜனம் எழுந்துவிடும். சொல்லாவிட்டால் வாக்குத் தவறினார் என்று இந்தப் பக்கம் பழி, சம்பந்தமும் போச்சு, என் பேரும் போச்சு.

அப்போதுதான் பவித்ரா மேடையை விட்டு இறங்கி வந்தாள், பட்டுப்புடவை சரசரக்க. அதே நீல ஜக்கிலிருந்து ரெண்டு கிளாஸ் ஊற்றி, மடமடவென்று குடித்தாள். மாப்பிள்ளையின் அம்மா முன்னால் போய் நேராக நின்றாள். "அத்தை, இப்போ நான் பதினேழாம் வாய்ப்பாடு சொல்றேன். தப்பு வந்தா நீங்க கிளம்புங்க." ஆரம்பித்தாள். ஓர் பதினேழு பதினேழு, ஈர் பதினேழு முப்பத்தி நாலு... குரல் நடுங்கியது, கணக்கு நடுங்கவில்லை. ஒன்பதாவதைத் தாண்டும்போது டில்லி அண்ணன் என் பக்கத்தில், "நான் தெளிவா கீறப்போகூட இத்த சொல்ல மாட்டேம்மா" என்று முணுமுணுத்தார்.

நூற்றி எழுபதில் முடித்தாள். அந்த அம்மா ஒரு கிளாஸை எடுத்து, மோந்து பார்க்காமலே குடித்தார். குடித்துவிட்டுத் தன் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் தலை தொங்கிவிட்டது. பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்: "ஏம்மா, இதுல சர்க்கரை தூக்கலா போட்டுட்டியா? எங்க அண்ணனுக்கு சுகர் இருக்கு. இனிப்பு ஒத்துக்காது, தலை சுத்திடும்."

நான் தனியாகச் சர்க்கரை போடுவதே இல்லை. அது என் கொள்கை, என் கர்வம். அவர் கண்ணைப் பார்த்தேன். "ஆமாங்க. இன்னைக்குக் கொஞ்சம் தூக்கல்தான்" என்றேன். மண்டபம் முழுக்க 'சுகராம், சுகராம்' என்று மூச்சு விட்டது. தாய்மாமனை உட்கார வைத்து, கையைப் பிடித்துத் தட்டைத் தொட வைத்து, தாம்பூலம் மாற்றினார்கள்.

நான் ஜக்குகளைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா தனியாக வந்தார். ஈரக் கையென்றும் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரருக்கும் கடைசி வரைக்கும் ஊருக்கு சுகர்னேதான் சொன்னேன்மா. அந்தப் பொண்ணு என் வீட்டுக்கு வந்து அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டியிருக்காது, என் பையன் தொட மாட்டான். கல்யாணத்துக்கும் நீயே வந்துடு."

அதற்கப்புறம் கோவில்பதாகைப் பக்கம் யாரும் என்னிடம் சரக்கு இருக்கிறதா என்று கேட்பதே இல்லை, "சர்க்கரையை மட்டும் குறைச்சுப் போடும்மா" என்கிறார்கள். நானும் சரியென்று தலையாட்டிவிட்டு, போடாத சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே தொழிலை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.