அண்ணனின் பாரத்தில் நான் எழுதிய வேலை

போன மாதம் என் அண்ணனின் பேரன் ஈப்போவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். வந்தவன் உட்காரக்கூட இல்லை. கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"தாத்தா, ஆர்மிக்கு அப்ளை பண்றேன். எந்த வேலைக்குப் போறேன்னு கேக்குறான். பத்து வருஷத்துக்குக் கையெழுத்து வேற போடணுமாம். நீங்க படிச்சவங்க, பாத்து அமுக்கி விடுங்க லா."

நான் கைப்பேசியைத் தொடவில்லை. "நீயே வாய்விட்டுப் படி, நான் கேட்கிறேன்" என்றேன். ஓய்வு பெற்றும் வாத்தியார் புத்தி போகவில்லை என்று சிரித்தான். காரணம் அதுவல்ல. இராணுவத்தில் சேரும் விண்ணப்பப் பாரம் ஒன்றை நான் ஏற்கனவே பூர்த்தி செய்திருக்கிறேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

ஆயர் தாவார் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். இன்று அங்கே செம்பனை நிற்கிறது. அப்பா இறந்த பிறகு அம்மாவும் அண்ணனும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார்கள். நான் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறி ஆங்கிலப் பள்ளிக்கூடம் போனேன். வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதை நான் யாரையும் மறக்கவிட்டதில்லை.

அண்ணனுக்கு லாரிப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து லாரியைத் தேய்த்துக் கழுவிக் கொடுப்பான். பதிலுக்கு டிரைவர் அவனை ஒருமுறை எஞ்சினை முடுக்க விடுவார். ஓட்டவெல்லாம் விடமாட்டார். பட்டாளத்தில் சேர்ந்தால் லாரி ஓட்டவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொடுத்து லைசென்சும் எடுத்துத் தருவார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டு வந்தவன், அன்றிலிருந்து வேறு பேச்சே பேசவில்லை.

அம்மா மூன்று நாள் அழுதுவிட்டு ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். "மூணு வருஷம்னா போய்ட்டு வா. அதுக்கு மேல ஒரு நாளு கூடினாலும் நீ போக வேணாம்."

பாரத்தை எழுதித் தரும்படி தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் கேட்க முடியாது. விஷயம் தெரிந்தால் செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டில் அண்ணன் பெயரை வெட்டிவிடுவார், தோட்டம் கொடுத்த லயத்து வீட்டுக்கும் ஆபத்து வரும். ஆகவே அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது.

ஒரு ஞாயிறு மதியம் லாரிக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதினோம். லாரியின் முன்மூடிதான் எனக்கு மேசை. வெயிலில் அது சுட்டதால் மை உடனே காய்ந்தது. அண்ணன் கையெல்லாம் கிரீஸ், காகிதத்தில் பட்டுவிடக் கூடாது என்று இரண்டடி தள்ளியே நின்றான். பெயர், வயது, ஊர் எல்லாம் எழுதி முடித்து வேலையும் வருடமும் கேட்ட இடத்துக்கு வந்தேன். அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. ஓட்டுநர், மெக்கானிக் போல வேலை கற்றுத்தரும் பிரிவுகளுக்கு ஒன்பது வருடம் இருந்தாக வேண்டும். காலாட்படைக்கு மூன்று வருடம் போதும். அதைத் தமிழில் சொன்னேன்.

அண்ணன் சற்று நேரம் சக்கரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்தான்.

"டிரைவர்னே எழுது. ஒம்பது போடு."

"அம்மா?"

"அம்மாகிட்ட மூணுன்னு சொல்லு. நீ சொன்னா அது நம்பும். போனப்பறம் நான் பாத்துக்கறேன்."

அந்த வாரம் என் வகுப்பில் ஒன்று நடந்திருந்தது. அண்ணன் சோல்ஜர் ஆகப் போகிறான் என்று நான் பெருமை அடித்ததைக் கேட்டு, பட்டணத்துக் கடைக்காரர் மகன், "என்னா வேலை?" என்றான். லாரி ஓட்டுகிற வேலை என்றேன். "அது சோல்ஜரா? அரிசி மூட்டை ஏத்துறவன்டா!" என்றான். வகுப்பே சிரித்தது.

பேனா என் கையில் இருந்தது. காலாட்படை என்று எழுதினேன். மூன்று என்று போட்டேன். துப்பாக்கியோடு நிற்கும் அண்ணன் எனக்கு வேண்டியிருந்தான். அம்மாவிடம் பொய் சொல்வது பாவம் என்ற பயமும் இருந்தது. மூன்றே வருடத்தில் அண்ணன் திரும்பி வந்துவிடுவான் என்ற ஆசையும் இருந்தது. இதில் எது முதலில் வந்தது என்பதை மறைத்து இத்தனை வயதில் நான் நல்லவனாகக் காட்டிக்கொள்ளப் போவதில்லை. துப்பாக்கிதான் முதலில் வந்தது.

"என்னாடா போட்ட?"

"டிரைவர். ஒம்பது."

"கெட்டிக்காரன்டா நீ." கையை மண்ணெண்ணெயில் கழுவி, சட்டையில் துடைத்து, தமிழ்ப்பள்ளியில் கற்ற எழுத்தில் தன் பெயரை முத்து முத்தாக எழுதினான்.

அன்று சாப்பிடும்போது, "மூணு வருஷம்தாம்மா" என்றேன். என் குரல் கொஞ்சமும் பிசகவில்லை. உண்மையைத்தானே சொன்னேன். தம்பியைப் பொய் சொல்ல வைத்துவிட்டோமே என்று அண்ணன்தான் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

ஆள் எடுப்பு ஈப்போவில் நடந்தது. ஓட வைத்தார்களாம், நெஞ்சை அளந்தார்களாம், ஒரு மேசைக்கு முன்னால் உட்கார வைத்துப் பேசினார்களாம். சாயங்காலம் திரும்பி வந்து, "எடுத்துட்டாங்க" என்றான். என்ன வேலை என்று மெதுவாகக் கேட்டேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போன பெறகுதான் தெரியுமாம்" என்றான். நான் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வருடம் காட்டுக்குள் மூட்டையும் துப்பாக்கியும் சுமந்துவிட்டு வந்தான். வரும்போது இடது காது கேட்கவில்லை. கையில் எந்த வேலையும் இல்லை, லைசென்சும் இல்லை. தோட்டத்தையும் அதற்குள் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். கடைசியில் ஈப்போவில் ஒரு நகைக்கடை வாசலில் ஜாகா என்ற காவல் வேலை கிடைத்தது. சாகும் வரை முக்காலியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தான். ரோட்டில் ஏதாவது லாரி கியர் மாற்றும்போது மட்டும் வலது காதைத் திருப்புவான். ஆசிரியராகிக் கார் வாங்கிய நான் அந்த வழியாகப் போவேன். "வாங்க சார்!" என்று விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துச் சிரிப்பான். ஒருநாள் இறங்கிச் சொல்லிவிட வேண்டும் என்று ஆயிரம் முறை நினைத்தேன். பிரேக்கை மிதிக்கவில்லை.

பேரன் தடுமாறித் தடுமாறிப் படித்து முடித்தான். "மெக்கானிக். பத்து வருஷம். நானே அமுக்கிறேன்" என்று அமுக்கினான். அவன் கிளம்புவதற்கு முன் உட்கார வைத்து, இங்கே எழுதியதை எல்லாம் சொன்னேன். வாசல் வரை போய்த் திரும்பி, "எங்க தாத்தாவுக்கு இது தெரியுமா?" என்று மட்டும் கேட்டான்.

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அண்ணன் புறப்பட்ட காலை நினைவுக்கு வந்தது.

அவன் போவதைப் பார்க்கமாட்டேன் என்று அம்மா வேலைக்காட்டுக்குப் போய்விட்டாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். தகரப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் தலையில் கை வைத்தான்.

"மூணு வருஷம்தான்டா, ஓடிரும். நீ நல்லா படி."

அம்மாவுக்காகச் சொன்ன பொய்யை எவ்வளவு நன்றாக மனப்பாடம் செய்திருக்கிறான் என்று வியந்தேன். ஈப்போ மேசையில் யாரோ அந்தப் பாரத்தை அவனுக்கு வாசித்துக் காட்டியிருப்பார்கள் என்றும், தம்பி மாற்றி எழுதிவிட்டான் என்று அவன் அங்கே வாய் திறந்திருக்கமாட்டான் என்றும் அன்று எனக்குத் தோன்றவில்லை. ஏமாற்றுவதற்கு அந்தப் பஸ் நிறுத்தத்தில் அம்மா இல்லை. மூன்று என்று அவன் சொன்னது என்னிடம்தான்.